தாழ்ப்பாள்

பல்லடத்துக்குத் தெற்கே
காற்றாடிகள் விடிய விடியச் சுற்றுகின்றன.
ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்
வாயைத் திறந்துவிடும்.
பைக்கில் வந்தால் சட்டை முதுகில் பலூனாகும்.
அதே காற்று
எங்கள் கம்பெனியின் மேற்குச் சுவர்வரை வந்து
தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.
வெள்ளைத் துணியில் தூசி ஏறுகிறதென்று
ஜன்னல்களை ஆணியடித்தவர்
எனக்கு முந்தி இருந்த ஆள்.

நான் மெயின்டனன்ஸ்.
ட்யூப் லைட், மோட்டார், குழாய், ஜெனரேட்டர்.
என்னைத் தேடுகிறார்களென்றால்
ஏதோ நின்றிருக்கிறது.
எதுவும் நிற்காத நாளில்
நான் வந்தேனா என்பது
கைரேகை மெஷினுக்கு மட்டும் தெரியும்.

மூன்றாம் லைனில் முப்பத்தெட்டுப் பேர்.
பதினொரு மணிக்குப் போர்டில் நூற்றி நாற்பது.
மூன்று மணிக்கு நூற்றிப் பத்து.
"தின்னுபோட்டுத் தூங்கறாளுக" என்றார்
புரொடக்‌ஷன் மோகனசுந்தரம்.
மைக் ஒன்று வாங்கி
அரைமணிக்கொரு தரம் பேர் சொல்லி அதட்டினார்.
உடைந்த ஊசிகளின் கணக்குத்தான் கூடியது.

குடிதண்ணீர் பில்டரைக் கழுவப் போனேன்.
காலையில் நிரப்பிய கேன்
பொழுது சாய்ந்தும் கழுத்துவரை நின்றது.
தகரக் கூரைக்கடியில் முப்பத்தெட்டுப் பேர்,
ஒருத்திக்குமா தாகமில்லை?
ஓவர்லாக் சம்பூர்ணத்திடம் கேட்டேன்.
நூலைப் பல்லால் கடித்துவிட்டு
"குடிச்சா போவோணுமில்லீங்க" என்றாள்.
அதற்குமேல் பேசவில்லை.
பக்கத்து மெஷின் ஒடிசாக்காரப் பெண் ஜோத்ஸ்னா
இரண்டு விரலைக் காட்டினாள்:
ஒருத்தி உள்ளே,
ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள.
லைனுக்கு டோக்கன் ஒன்றுதான்.

பதினான்கு மாதக் குறிப்பேட்டைப் புரட்டினேன்.
பெல்ட் மாற்றியது, ஆயில் ஊற்றியது,
முதலாளி அறை ஏசிக்கு மூன்று தடவை கேஸ்.
அந்தக் கதவு ஒரு பக்கத்திலும் இல்லை.
யாரும் எழுதித் தரவில்லை என்று
எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.
எழுதித் தர வேண்டியவர் யார்,
மோகனசுந்தரமா?

பஸ் ஸ்டாண்ட் எதிர்க் கடையில்
தாழ்ப்பாள் அறுபத்தைந்து ரூபாய்.
மரம் உளுத்துப்போய் ஸ்க்ரூ பிடிக்கவில்லை,
தீக்குச்சிகளை ஒடித்துத் துளையில் திணித்து முறுக்கினேன்.
வவுச்சரில் 'காரணம்' என்ற கட்டம்.
பேனாவைச் சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருந்து
'கதவு வேலை' என்று எழுதினேன்.
"அவசரமா இது?" என்றார் கேஷியர் கிட்டுசாமி.
"ஆமாங்க" என்றேன்,
பதினான்கு மாதம் கழித்து.

ஞாயிற்றுக்கிழமை யாருமில்லை.
மேற்கு ஜன்னல் இரண்டில் ஆணிகளைப் பிடுங்கி
கழிவு நெட் துணியை நான்கு மடிப்பாக அடித்தேன்.
காற்று வந்தது ஒரம்பரை மாதிரி,
தூசியைச் செருப்புப்போல வாசலில் கழற்றிவிட்டு.

அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை.
புதன்கிழமை கேன் இரண்டு முறை மாற்றினார்கள்.
தலைவலி மாத்திரை கேட்டு
ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டிக்கு வந்தவர்கள் குறைவு.
மூன்று மணிக்குப் போர்டில் நூற்று முப்பத்திரண்டு.
சம்பூர்ணம் பாட்டிலை அண்ணாந்து
மடக் மடக்கென்று குடித்தாள்,
யாரையும் துணைக்குக் கணக்கிடாமல்.

"பாத்தீங்களா மைக்கோட வேலைய" என்றார் மோகனசுந்தரம்.
முதலாளி தலையாட்டினார்.
நான்காம் லைனுக்கும் ஒன்று வாங்கினார்கள்.
மாட்டினேன், அது என் வேலை.
சத்தத்தை மட்டும் பாதியில் நிறுத்திவைத்தேன்.
கோளாறென்று இதுவரை
யாரும் எழுதித் தரவில்லை.

ஏணியை மடக்கியதும்
நான்காம் லைன் பெண்களிடம் சொல்லிவிட்டு
அந்தப் பக்கத்துக் கதவைப் போய்ப் பார்த்தேன்.

தாழ்ப்பாள் இருந்தது.
பல்பு இல்லை.