ஐந்துலாம்புச் சந்தியில் ஓர் அமெரிக்க வரைபடம்

கல்யாணம், பட்டமளிப்பு, கஃபா, மடு மாதா,
போன மாதம் மௌத்தானவர்கள்
என்று சட்டம் போட்டு ஓடும் கடைக்கு
நேற்று அமெரிக்கா வந்தது,
மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் குழாய்க்குள்.

கொண்டுவந்தவர் டாக்டர் சிவகடாட்சம்.
பிலடெல்பியாவில் முப்பது வருஷம் பல் பிடுங்கியவர்.
இப்போது காலிமுகத்தைப் பார்த்தபடி
முப்பத்தோராம் மாடி.
கடலை நிரப்பி நிலமாக்கியது முழுக்கத் தெரியுமாம்.
"அதுக்கு இன்னும் ஒழுங்கான மெப் வரேல்ல, மிஸ்."

மேசையில் விரித்து
மூலைக்கு மூலை பாரம் வைத்தேன்:
ஆணிப் பேணி, கத்தரிக்கோல், என் போன்.
நாலாவதற்குத் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க
அவர் பதறிப்போய்த் தன் கையையே வைத்துக்கொண்டார்.

ஆயிரத்து எழுநூற்று அறுபத்தேதோ.
செம்புத் தகட்டில் கீறி அச்சடித்தது.
ஓர் ஆற்றின் முகத்துவாரத்தை
இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது.
கிழக்கே ஊரோடு ஊர் முட்டி
எழுத்துக்கே இடமில்லை.
மேற்கே போகப் போகப் பெயர் குறைந்து, மரம் குறைந்து,
கடைசியில் வெறும் கடதாசி.
அங்கேதான் கோடுகள் ஆக நேராக இருந்தன.

அந்தக் காலத்தில் அங்கே
வந்தவர் இருக்கும் அறையில் இதைத்தான் மாட்டுவார்களாம்,
வார்னிஷ் பூசி, உருளைக் கட்டையில்.
ஆற்றைத் தாண்டியே பார்க்காத சப்பாத்துக்காரனும்
சுவரில் விரல் வைப்பான்:
இதோ, இதில் எனக்கு இருநூறு ஏக்கர்.
உறுதியில் எழுதுவார்களாம்:
வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி
ஓடையோடு போய்
இரட்டைக் கல்லில் திரும்பி...
"மரம் விழுந்தா?" என்று கேட்டேன்.
"வழக்குத்தான்!"
எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.

எங்களுடையதையும் அப்படி எழுதலாம்.
கொம்பனித்தெரு, பதினேழின் கீழ் நாலு:
மொரீன் அக்காவின் தண்ணீர்க் குழாயில் தொடங்கி
முருங்கையைச் சுற்றி
மஜீத் நானாவின் கோழிக்கூட்டில் முடியும்.
யாரும் எழுதவில்லை.
அளக்க வந்த பொடியன்கள்
கதவில் சிவப்புப் பெயின்டால் ஓர் இலக்கம் போட்டார்கள்.
நல்ல பிள்ளைகள். பிளேன்ரீ குடித்துவிட்டு
கோப்பையைக் கழுவியும் வைத்தார்கள்.
அவர்களுடைய தாளில் நாங்கள் ஒரு மஞ்சள் சதுரம்.
அடுத்த தாளில் வாகனத் தரிப்பிடம்.
இப்போது தெமட்டகொடை.
லிஃப்ட் வேலை செய்யும் நாட்களில், எட்டாம் மாடி.

"மிஸ், இதை எடுக்க ஏலுமே?"

வெறும் கடதாசியின் நடுவில்
பென்சிலில், சரிந்த கையெழுத்து.
எவனோ பழைய சொந்தக்காரன்.
வாசித்துச் சொல்லச் சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றி, குனிந்து, வாசித்தார்:
'இங்கே புகை கண்டேன். இரண்டு காலை.'
"இது கிடந்தா விலை குறையும், பாருங்கோ."

அழிப்பதும் என் தொழில்தான்.
மணமகனின் பக்கத்தில் நிற்கும் பகையாளியை
மவுண்டுக்குக் கீழே தள்ளியிருக்கிறேன்.
பழைய பாணை உருட்டி
ஒற்றி, ஒற்றி, ஊதி,
மதியத்துக்குள் ஈயம் போய்விட்டது.
அழுத்தி எழுதியிருக்கிறான், பள்ளம் போகவில்லை.
டியூப் லைட்டை அணைத்து
போன் வெளிச்சத்தைப் பக்கத்தில் சாய்த்தேன்.
எழுத்தெல்லாம் எழும்பி நின்றது.

டாக்டருக்குச் சொல்லவில்லை.
அவர் வீட்டில் விளக்கெல்லாம்
கூரையிலிருந்து நேரே கீழே.

சட்டம், கண்ணாடி, மவுண்ட்,
பென்சில் நீக்கியது நானூறு
என்று பில் எழுதி
அந்த நானூறை வெட்டினேன்.
"டிஸ்கவுண்டோ?" என்றார்.
ஓம் என்றேன்.