நாலு விரற்கடை

நாக்கை நீட்டச் சொன்னார் ஜெய்த்தூன் அக்கா.
நீட்டினேன்.
இதுவரை என் நாக்கை
அடக்கச் சொன்னவர்கள் உண்டு,
பார்க்கக் கேட்டவர் இல்லை.

கடலூர் ஓ.டி., ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
கீழே மெஷின்
ஆதார் நகல்களைத் துப்பிக்கொண்டிருந்தது.
என் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து
அவர் கண்மூடியிருந்த நேரத்தில்
துறைமுகத்தில் ஒரு விசைப்படகு
இருமி இருமிக் கிளம்பியது.

என்ன நிறம்?
கட்டி கட்டியாகவா?
வலி முதலில் வருமா, உதிரமா?
அழுத்தினால் இதமா, தொட்டாலே கூசுமா?
வெந்நீர் பை வைத்தால்?

பதினைந்து வருடத்தில்
‘எத்தனாவது நாள்’ என்பதற்கு மேல்
ஒருவரும் கேட்டதில்லை.
ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று
மஞ்சக்குப்பத்தில் சொன்னபோது
எனக்கே வெட்கமாய்ப் போயிற்று,
காலிப் பையைத் தூக்க முடியாமல்
தூக்கி வந்தவள் மாதிரி.

“கருப்பையில குளிர் உறைஞ்சிருக்கு,” என்றார்.
சீன வைத்தியத்தில் அப்படித்தான் சொல்வார்களாம்.

சிரித்துவிட்டேன்.
கத்திரி வெயிலில்
செருப்போடு தார் ஒட்டிவரும் ஊர் இது.

அப்புறம் சிரிப்பு நின்றது.

ஏழு வருடம், இறால் கம்பெனி.
தலை கிள்ளி, ஓடு உரித்து, நரம்பு உருவி,
ஐஸ் தண்ணீரில் கை.
கழுவிவிடும் தண்ணீரில் கணுக்கால்.
கிலோவுக்குக் கூலி.
அந்த நாட்களில் மாத்திரை போட்டு நிற்பேன்.
அடுத்த மேசை அஞ்சலாட்சி
தன் தட்டிலிருந்து ஒரு கை இறால் அள்ளி
என் தட்டில் போடுவாள், எடை குறையாதிருக்க.
அவள் தேதியில் நான்.
சூப்பர்வைசருக்குத் தெரிந்தது
தராசு மட்டும்.

உள்கணுக்கால் எலும்புக்கு
நாலு விரற்கடை மேலே.
“உங்க விரல்ல நாலு. என் விரல்ல இல்ல,”
என் கையையே வைத்து அளந்தார்.
ஊசி முடியளவு.
எறும்புக்கடிகூட இல்லை.
கொஞ்சம் கழித்து ஒரு கனம்
ஈரப் புடவையைக் கொடியில் போட்டதுபோல்
காலுக்குள் தொங்கியது.

பிறகு சுருட்டு மாதிரி ஒன்றைப் பற்றவைத்துத்
தொப்புளுக்குக் கீழே, தொடாமல், காட்டினார்.
இந்தப் புகையை எனக்குத் தெரியும்.
எங்கே, எங்கே என்று தேடிப்போய்
திருப்பாதிரிப்புலியூர்ப் பூக்கடையில் நின்றேன்.
கதம்பத்தில் மருவோடு வைத்துக் கட்டும்
மாசிப்பச்சை!
“அதுக்குப் பங்காளி,” என்றார் அக்கா.
“காயவெச்சு, இடிச்சு, சுருட்டிடுவாங்க.”
சாமிக்கு மாலையில் போவது
எனக்குக் கங்காய் வந்தது.
இருக்கட்டும்.

நாற்பது நிமிடம்.
பகலில் படுத்து எத்தனை நாளாயிற்று.
குறட்டை விட்டேனாம்.

முதல் மாதம் ஒன்றும் மாறவில்லை.
ஊசிக்குக் கொடுத்ததை நஷ்டக் கணக்கில் எழுதினேன்.
இரண்டாம் மாதம் நாலு மாத்திரை இரண்டாயிற்று.
மூன்றாம் மாதம் வாந்தி இல்லை. வலி இருந்தது,
ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோபோல
சுவருக்கு அந்தப் பக்கம்.

ஊசியா, புகையா,
ஒருத்தி உட்கார்ந்து கேட்டதா, நான் படுத்ததா,
பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.
அக்காவும் சத்தியம் செய்யவில்லை.
“அதிகமா போனா பெரியாஸ்பத்திரிக்கு ஓடிடணும்.
மத்தபடி, குளுந்த தண்ணில நிக்காதீங்க.”

நிற்காமல்?

கூட்டாகப் பணம் போட்டு
நானும் அஞ்சலாட்சியும் ஒரு ஜோடி
ரப்பர் பூட்ஸ் வாங்கினோம்.
தேதி வந்தவளுக்கு பூட்ஸ் என்று பேச்சு.
அவள் கால் சிறிது, துணி திணித்துக்கொள்வாள்.

இந்த மாதம்
இருவருக்கும் ஒரே நாள்.

ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டோம்.
நனையும் காலை அவ்வப்போது
தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு
தலை கிள்ளினோம்,
உப்பனாற்றுக் கொக்குகள் இரண்டு,
இறாலுக்கு நடுவில்.