எண்பத்தைந்து, எண்பத்தாறு

முதல் தடவை நேராகவே இணைத்தேன்.
பேட்டரியிலிருந்து சுவிட்சு,
சுவிட்சிலிருந்து விளக்கு,
நடுவில் நூல் மாதிரி ஒரு கம்பி.
உத்ஸ்யோகி தாண்டிப் பதினோராம் கிலோமீட்டரில்
ஸ்டியரிங்குக்கு அடியில் கருகல் வாடை.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
அந்தக் குளிரிலும் ஒரு பிளாஸ்டிக் உருகியது என்றால்
தப்பு என் பக்கம்தான்.

இவலோவில் டயர்க் கடை ராய்மோ
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் குண்டான கறுப்புப் பெட்டியைக்
கல்லாமேல் வைத்தான்.
ரிலே. ஒன்பது யூரோ.
எப்படி மாட்டுவது என்றேன்.
"அடியில நம்பர் போட்டிருக்கு."
மீதி நேரம் ஹாக்கி பார்த்தான்.

முப்பதில் பேட்டரி.
வழியில் பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ்,
பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள்.
(அதை விளக்குக்குப் பக்கத்தில் வைப்பவர்கள்
வீடு எரிந்தபின் வாளி தேடுபவர்கள்.)
எண்பத்தேழில் விளக்குகள் இரண்டும்.
எண்பத்தாறில், ஹை பீமிலிருந்து களவாடிய ஓர் இழை.
எண்பத்தைந்து வண்டியின் உடம்புக்கு, எர்த்.

உள்ளே ஒரு செம்புச் சுருள்.
அது கேட்பது ஆம்பியரில் ஏழில் ஒரு பங்கு.
வாங்கிக்கொண்டு காந்தமாகிறது,
ஒரு நாக்கை இழுக்கிறது,
டிக்.
ஒன்பது ஆம்பியர் அந்த நாக்கின்மேல் நடந்து போகிறது
சுருளைத் திரும்பியும் பார்க்காமல்.
இரண்டும் ஒரே பெட்டிக்குள்,
ஒன்றையொன்று தொட்டதே இல்லை.
எனக்கு அது பிடித்திருந்தது.
ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

சனிக்கிழமை, ஆம்புலன்ஸ் நிறுத்தும் கொட்டகையில்
ஈவா-ஸ்தீனா டார்ச் பிடித்தாள்.
ராத்திரி ஷிப்ட் முடித்த தூக்கம் அவளுக்கு.
வெளிச்சம் என் கையை விட்டு
மெல்ல மெல்லக் கூரைக்கு ஏறியது.
டிக் என்றது. விளக்கு எரியவில்லை.
மறுபடி டிக்.
ராய்மோவைத் திட்டினேன், ஜப்பானைத் திட்டினேன்,
பிறகு மீட்டரை எடுத்தேன்.
விளக்குக்கு முன்னால் பன்னிரண்டு வோல்ட்.
விளக்கைத் தாண்டியும் பன்னிரண்டு.
போன மின்சாரம் திரும்ப வழியில்லாமல் நிற்கிறது.
எர்த் போல்ட்டைக் கழற்றினால், அடியில் பெயிண்ட்.
கம்பெனி போட்ட பளபளக்கும் நீலப் பெயிண்ட்.
வெறும் இரும்பு தெரியும்வரை கத்தியால் சுரண்டி
மறுபடி முடுக்கினேன்.
எதிர்ச் சுவர் வெள்ளையாக வெடித்தது.
ஈவா-ஸ்தீனா ஒரு கெட்ட வார்த்தையை
மிகச் சந்தோஷமாகச் சொன்னாள்.

செவ்வாய், இரவு மூன்று பத்து.
ஊலா தன் மணிக்கட்டுப் பொத்தானை அழுத்தினார்.
அதற்குள் இருப்பது சட்டைப் பித்தான் அளவு பேட்டரி.
ரோவனியெமியில் யாருடைய திரையிலோ ஒரு புள்ளி சிவக்க,
என் போன் அதிர,
நான் இடது பூட்ஸைத் தேட,
எஞ்சின் ஹீட்டர் கயிற்றைக் கம்பத்திலிருந்து பிடுங்க,
ஒன்றரை டன் இரும்பு
நாற்பத்தொரு கிலோமீட்டருக்குக் கிளம்பியது.

டிக்.
வளைவுக்கு அப்பால், வெகு தூரத்திலேயே
பதினான்கு கண்கள்.
ஏழு பனிமான்கள் ரோட்டு உப்பை நக்கிக்கொண்டு,
எனக்காக அவசரப்படாமல்.
காத்திருந்தேன்.
பிறகு எதிரே ஒரு மீன் லாரி.
ஹை பீமை இறக்கினேன்,
புது விளக்குகளும் கூடவே கண்மூடின.
கடைசிப் பத்துக் கிலோமீட்டர்
அடுத்த டிக்கைக் கேட்பதற்காகவே
ரேடியோவை அணைத்திருந்தேன்.

ஊலா விழுந்திருக்கவில்லை.
ஸ்வெட்டர் போட்டு, தலை வாரி,
அடுப்பருகே உட்கார்ந்திருந்தார்.
"தவறிப்போய் அமுக்கிட்டேன்" என்றார்.
மேசைமேல் காப்பி, இரண்டு கோப்பை.
ஒன்றில் ஏற்கெனவே பால் ஊற்றியிருந்தது,
நான் குடிக்கும் அளவுக்கு.

எதையும் சுரண்டிப் பார்க்கவில்லை நான்.
உட்கார்ந்தேன்.
முற்றத்தில் எஞ்சின் ஆறுகிற சத்தம்
கொஞ்ச நேரம் கேட்டது.
படிவத்தில் 'தவறுதலான அழைப்பு' என்று ஒரு கட்டம் உண்டு.
குளிரில் பேனா எழுதவில்லை என்று
வைத்துக்கொள்ளலாம்.