வில்லங்கம்

நாங்கள் பதினைந்து பேர். இறக்குக் கூலி.
வீடு கட்டத் தெரியாது, இறக்கத் தெரியும்.
ஓடு முதலில், சட்டம் அடுத்து, தூண் கடைசி.
எந்த வீட்டுக்காகவும் அழுததில்லை.

நெற்குப்பையில் அந்த வீட்டின் பின்கட்டைத்
தை பிறந்து ஏழாம் நாள் தொட்டோம்.
மொதலாளி பெரிகருப்பன் செட்டியார்
குடை பிடித்து நின்று எண்ணுவார்:
தேக்குத்தூண் இருபத்திரண்டு, நிலை ஒன்பது,
ஊஞ்சல் சங்கிலி ஒரு ஜோடி.
கடப்பாரையை ஒருநாளும் தொட்டதில்லை.
வேட்டியில் சுண்ணாம்புத் தூசு பட்டால் உச்சுக்கொட்டுவார்.

நேர்மையான ஆள். அதுதான் வினை.
பட்டா, வாரிசு, மூலப்பத்திரம்,
முப்பது வருஷத்துக்கு வில்லங்கம்
எல்லாம் பார்த்த பிறகே முன்பணம்.
சுவரில் கிடைக்கிற துண்டுக் காகிதத்தையும்
வாசித்து உரியவருக்குத் தபாலில் போடுவார்.
"தெரியாம ஒரு வீட்டை இடிக்கிறது பாவம்" என்பார்.
தெரிந்து இடிப்பது பற்றி
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

இரண்டாங்கட்டில், சாமி அறை நிலைக்கு மேலே
பூசி மறைத்த மாடக்குழி.
தட்டினால் காய்ந்த வயிற்றுச் சத்தம்.
உள்ளே பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள்
குழந்தையின் வெள்ளி அரைஞாண்,
ஒரு ஜாதகம், நாலாய் மடித்த கடிதம்.

செவத்தியான் எட்டாவது படித்தவன். அவன்தான் பிரித்தான்.
கர வருஷம், ஆவணி, கேட்டை.
'இந்தப் பிள்ளை கையால் இந்த வீடு மண்ணாகும்.'
கடிதத்தில் வேறு மை:
'மு.சித. வீட்டுக்கு மஞ்சள்நீர் கொடுத்தாகிவிட்டது.
கப்பலில் பினாங்கு போகிறார்கள்.
பிள்ளைக்குச் சொல்வதில்லை என்று பேச்சு.'

செவத்தியான் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தான்.
வாசலில் லாரி. லாரிக் கதவில்
போன பொங்கலுக்கு அவனே பெயிண்ட் அடித்த எழுத்து:
மு.சித.பெ. பழைய மரம் வாங்கி விற்குமிடம்.

"அங்கெ என்னப்பா?"
"ஒண்ணுமில்ல மொதலாளி, பழைய பில்லு."
"கொண்டா."
"எலி தின்னுருச்சு மொதலாளி. எழுத்தே இல்ல."
"எலி தின்னதையும் வாசிப்பேன். கொண்டா."
செவத்தியான் காலில்கூட விழுந்து பார்த்தான்.
கேட்டே தீருவேன் என்கிறவனை
எத்தனை பேர் பிடித்து நிறுத்த?

வாசித்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி வாசித்தார்.
முப்பது வருஷத்துக்குத்தான் வில்லங்கம் போட்டிருந்தார்.
இது அறுபது.

பத்திரம் பதிந்த அன்று கைரேகை வைத்த அம்மாள்
"தம்பி பொறந்தது எந்த ஊரு?" என்று கேட்டாள்.
"பினாங்கு, ஆச்சி" என்றார்.
மை தொட்ட கட்டைவிரல்
காகிதத்துக்கு மேலே கொஞ்சநேரம்
நின்றது. பிறகு இறங்கியது.
சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் இதே செவத்தியான்.
கை நடுங்குகிற வயசு என்று நினைத்தானாம்.

குருந்தன்தான் முதலில் வாயைத் திறந்தான்:
"கையாலன்னுதானே போட்டிருக்கு?
ஓட்டை இறக்குனது நான். சட்டத்தை அறுத்தது இவன்.
உங்க கை குடையத்தானே பிடிச்சுச்சு.
முன்கட்டு நிக்குது. விட்டுருவோம் மொதலாளி.
ஜோசியன் தோத்தான்னு போகட்டும்."

நல்ல வாதம். கோர்ட்டில் ஜெயிக்கும்.
அவரும் தன் கையைப் பார்த்தார்,
உள்ளங்கை, புறங்கை,
யாரோ அடகு வைத்த சாமானைப் பார்ப்பதுபோல்.

"கூலி யார் குடுத்தது?" என்றார்.

குடையை மடக்கிச் சாத்தினார்.
செருப்பைக் கழற்றினார்.
கண்ணாடியை டப்பாவுக்குள் வைத்து மூடினார்.
குருந்தனிடமிருந்து கடப்பாரையை வாங்கியபோது
பிடி தெரியாமல் ஒரு பக்கம் சாய்ந்தது.
முன்கட்டுச் சுவரில் முதல் குத்து.
முட்டைவெள்ளைப் பூச்சு பொருக்காய் உதிர்ந்து
கண்ணில் விழுந்தது. தேய்க்கவில்லை.
இரண்டாவது குத்து.

நாங்கள் பதினைந்து பேரும்
தண்ணீர் கொண்டுவரலாமா என்று நினைத்தபடி நின்றோம்.
சனிக்கிழமை, கூலி நாள்.
வாசலில் லாரி பாதிதான் நிறைந்திருந்தது.