திருப்பிப் போடுங்கோ

பதினேழு நாள் எடுத்தோம்.
குருநகர் இறங்குதுறை, விடிய நாலரை,
முக்காலியின் கால்களில் சொப்பிங் பை கட்டி.
சேறு அப்படியும் ஏறியது.

என் சட்டகம் எனக்குப் பிடித்திருந்தது:
இடப்பக்கம் மூன்றிலொன்று கடல்,
மிச்சமெல்லாம் எமில்டாவின் கைகள்.
வலையில் கொழுவிய நண்டை
கால் முறியாமல் அவர் கழற்றும் விதம்.
நகக்கண்ணில் உப்பு வெடித்த கோடு வரை தெரியும்.
கொழும்பில் ஒருவர் பார்த்துவிட்டு
ஓவியம் மாதிரி என்றார்.
இரண்டு நாள் அதை நம்பிக்கொண்டு திரிந்தேன்.

முதலில் உங்களுக்குத்தான் காட்டுவோம் என்று
வாக்குக் கொடுத்திருந்தோம்.
சங்க மண்டபச் சுவரில்
யாரோ வீட்டுப் படுக்கை விரிப்பு,
ஓரத்தில் நீலப் பூ.
விசிறியைப் போட்டால் கடல் இரண்டு தரம் ஆடியது.
நிற்பாட்டினால் நுளம்பு.
ஆடட்டும் என்றார்கள்.

"உங்க பார், றொக்சனுக்கு வயிறு வைச்சிட்டுது."
"யூட்டின்ர மிசின் அண்டைக்கும் ஸ்டார்ட் வரேல்ல."
என் நீண்ட மௌனங்களில்
கச்சான் உடைத்தார்கள்.
இழுவைப் படகு அறுத்த வலையைத் தூக்கிக்கொண்டு
பத்திநாதர் கமராவைப் பார்க்காமல் நிற்கும் இடத்தில் மட்டும்
ஒருவரும் உடைக்கவில்லை.

நாற்பத்தோராவது நிமிடம்.
கைகள் வந்தன.
பின்சுவரில் சாய்ந்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை, அதைத் திருப்பிப் போடுங்கோ."
எமில்டாதான்.
போட்டேன்.
"என்ர கையை விடுங்கோ.
அங்கால, தராசு."

குவியம் என் பிடி தவறி
இரண்டு நொடி பின்னுக்குப் போய்வந்த இடம் அது.
வெட்டியிருக்க வேண்டிய பிழை.
அலுப்பில் விட்டிருந்தேன்.

"வாளி கொழுவ முன்னம். அதில நிப்பாட்டுங்கோ."

வெறும் கொளுக்கி.
ஒன்றும் தொங்கவில்லை.
முள் பூச்சியத்தில் இல்லை,
பூச்சியத்துக்கு அந்தப் பக்கம்
இருநூறு கிராம் தள்ளிப் படுத்திருந்தது.

ஒரு வாளிக்கு இருநூறு.
நாளைக்கு மூன்று வாளி.
தண்ணிக்கென்று ஏற்கெனவே கழித்தது வேறு.
றெஜினா விரல்களை மடித்துக்கொண்டே போய்,
தன் கை முடிந்ததும்
பக்கத்திலிருந்தவளின் கையை எடுத்தார்.

ஏஜென்ட் மெல்கியோர் முன்வரிசையில் இருந்தார்.
கதிரை கொடுத்தது நாங்கள்தான்.
"கமரா சரிவா நிண்டிருக்கு.
பக்கத்தால பார்த்தா எந்த முள்ளும் அப்பிடித்தான்."

அது முழுப் பொய்யில்லை.
நேரே நின்றிருந்தால்
இருநூறு, நூற்றைம்பதாய் இருந்திருக்கலாம்.
மண்டபம் முழுக்கத் திரும்பி
என்னைப் பார்த்தது.
பதினேழு நாளும் நான் அவர்களைப் பார்த்த அதே மாதிரி,
அவசரமில்லாமல்,
நான் ஏதாவது செய்யும்வரை.

"நேரே நிண்டாலும்
பூச்சியத்தில இல்லை" என்றேன்.
குரல் எனக்கே சின்னதாய்க் கேட்டது.
ஒலிவாங்கி இருந்திருந்தால்
இன்னொருக்கால் சொல்லுங்கோ என்றிருப்பேன்.

மிச்சப் படத்தை ஒருவரும் பார்க்கவில்லை.
கடைசியில் ஒரு சூரிய உதயம் வைத்திருந்தேன்,
நாலு விடியல் காத்திருந்து எடுத்தது.
படுக்கை விரிப்பில் அந்த முள் மட்டும்
இரவு பத்தரை வரை,
புறொஜெக்டர் சூடாகி நாறும் வரை
அசையாமல் நின்றது.
விரிப்புக்காரி வந்து கேட்டபோதுதான் கழற்றினோம்.

விடிய நாலரை.
எமில்டா சீலைத் துணியில் சுற்றி
இரண்டு கிலோ படிக்கல் ஒன்று கொண்டுவந்திருந்தார்,
பாண் பேக்கரியில் இரவல்.
பின்னால் பதினொரு பெண்கள்.
வாளிகள் நிரம்பியிருந்தன,
ஒருவரும் நிறுக்கக் கொடுக்கவில்லை.

"இண்டைக்கு என்ர கையை எடுக்காதேங்கோ."

முக்காலியின் ஒரு காலைச் சுருக்கி
மற்றதை நீட்டி
முள்ளின் உயரத்துக்கு, முள்ளுக்கு நேரே,
நூலளவும் சரியாமல் வைத்தேன்.
சட்டகத்துக்குள் கடல் வரவில்லை.
மெல்கியோரின் மோட்டார் சைக்கிள்
தேவாலய வளைவில் கேட்டது.
பதிவை அழுத்தினேன்.