துண்டு போட்ட இடம்

பவுன்சர் என்றால்
குடித்தவனைத் தெருவில் தள்ளும் தடியன் என்றுதான்
சிர்க்கா நினைத்திருந்தாள்.
இது வேறு.
ஆள் எழுந்துபோன நாற்காலியில்
துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பது.

கெமி துறைமுகம். மைனஸ் இருபத்தேழு.
கிரேன் கூண்டிலிருந்து இறங்கி
விரல்கள் மறுபடி விரல்களாவதற்குள்
அரட்டை அறை தூங்கிப்போயிருக்கும்.

அதற்குத்தான் இந்தப் பலகை:
பிஸ்கட் அளவு,
பூட்ஸ் அடுக்குக்குப் பின்னால்,
பழைய போன் சார்ஜரை உறிஞ்சிக்கொண்டு.
மூன்று இரவு மல்லுக்கட்டினாள்.
இறக்கிய கன்டெய்னர் வேறொரு சில்லுக்குக் கட்டியது,
ஏற்றிய நொடியே செத்து விழுந்தது.
நாளெல்லாம் கன்டெய்னர் தூக்குகிறவளிடம்
எடையே இல்லாத ஒன்று
நகர மாட்டேன் என்றது.
நான்காம் இரவு
பச்சை விளக்கு கண் சிமிட்டியது.
'விழுந்தால் நீயே எழுந்துகொள்'
என்று ஒரு வரி எழுதிவைத்துப் படுத்தாள்.

அன்றிலிருந்து பீசமி அறையை விட்டுப் போனதேயில்லை.
(பீசமி அவள் புனைபெயர். ஒரு வகை நீரெலி.)
தூங்கும்போதும் இருந்தாள்.
உப்புக்காற்றில் தொங்கும்போதும் இருந்தாள்.
வீடு வந்ததும் முந்நூறு வரி மடமடவென்று கொட்டும்:
லூலியோ இரட்டையரின் மீன் சூப் சண்டை,
யார் வீட்டு நாய்க்கோ தையல்,
இடையில் அவளைக் கேட்டு
ஆறிப்போன ஒரு கேள்வி.
பிறகு கேள்விகளும் நின்றன.
எப்போதும் இருக்கிறவளிடம்
யார் கேட்பார்கள்
வந்தாயா என்று?

பிப்ரவரியில் மெமரி கார்டு கைவிரித்தது.
பூட்ஸுக்குப் பின்னால் சிவப்பு மட்டும் எரிந்தது,
அவள் பார்க்கவில்லை.
அறையில் ஒரே வரி:
பீசமி வெளியேறினார். காரணம்: பதில் இல்லை.

இரண்டாம் நாள் கூண்டில் போன் அடித்தது.
தார்த்துவிலிருந்து லேலோ,
என்றோ ஒரு பார்சலுக்காகக் கொடுத்த எண்ணில்.
எட்டு வருடம் எழுத்தாகவே இருந்தவள்
சளி பிடித்த கட்டைக்குரலில்
"உயிரோடுதானே இருக்கிறாய்?" என்றாள்.

கீழே நாற்பதடிப் பெட்டி ஒன்று
பனிக்கு மேல் லேசாக ஆடியது.
"இரு, இதை வைத்துவிடுகிறேன்."
"வை. நான் இருக்கிறேன்."

புதுக் கார்டு வாங்கி
மூன்று ஞாயிறு ஆகிறது.
ரசீதோடு ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது.
இந்த ஞாயிறு போட்டுவிடுவேன் என்கிறாள்.
அதுவரை அவளே உள்ளே வருகிறாள்,
அவளே கிளம்புகிறாள்.
வெளியேறும் காரணம் என்ற இடத்தில்
தினமும் அடிக்கிறாள்:

போயிட்டு வர்றேன்.