சிரிப்புக்கு நிறுத்து

மூன்று கிலோ நானூறு நிறுத்துப் போட்டு
கிலோ பன்னிரண்டு என்றார் தணிகாசலம்.
ராயபுரம் பழைய பேப்பர் கடை.
அட்டை போன சங்கீதப் புத்தகம்,
கப்பலேறி வந்த சிரிப்பு நாடகம்:
வரி வசூலிக்க வந்தவன் தூங்கிவிட
ஊரே சேர்ந்து மணிக்கூண்டைத் திருப்பிவைக்கும் கதை.
மூன்று அங்கம், முப்பத்தோரு பாட்டு,
ஓர் ஆட்டுக்குட்டி.

லண்டனில் பதினோரு இரவு ஓடிப் படுத்துவிட்டதாம்.
முதல் பக்கத்தில் எவனோ எழுதியிருக்கிறான்.
இங்கே அதற்கு ஆயுசு கெட்டி.

ஓரமெல்லாம் பென்சில்.
படுதாவுக்குப் பின்னால் நின்று
வசனம் எடுத்துக் கொடுத்தவர்கள்.
யார் எப்படிப் பாடினார்கள் என்பதில்லை,
எங்கே மூச்சுவிடலாம் என்பதுதான் இவர்கள் கவலை.

ஆயிரத்தெண்ணூற்று எண்பத்தொன்பது,
துறைமுகத்துச் சரக்குக் கொட்டகை.
மேயர் மகளாக ஒரு சார்ஜென்ட்.
மீசையை எடுக்கமாட்டேன் என்றதால்
விசிறி வாங்கிய வகையில் ஆறணா.
ஆட்டுக்குட்டி வாடகை நாலணா.
இரண்டாம் அங்கத்தில், சாய்ந்த எழுத்தில்:
சிரிப்புக்கு நிறுத்து.
அதன் கீழே இன்னொரு பென்சில்:
வரவில்லை. மழை.

பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஏழு தடவை.
கோரஸ் முழுக்க பிட்டர்கள்.
நைட் ஷிப்ட் போனவர்களைக் கழித்தால்
ஊர்ஜனம் நாற்பதிலிருந்து ஒன்பது.
ஒன்பது பேர் ஒரு மணிக்கூண்டை எப்படித் திருப்புவது?
திருப்பியிருக்கிறார்கள்.
பட்டறைச் சங்கு ஊதியபோது
ஹில்டா டிரின்னன் உச்ச ஸ்வரத்தில் நின்றிருந்தாள்.
'சங்கு ஓயும்வரை' என்று அம்புக்குறி.
முதலில் ஓய்ந்தது சங்கு.

வால்டாக்ஸ் ரோட்டுக்கு வந்ததும் தமிழானது.
மாசிலாமணி கம்பெனியில் வரிக்காரன் தாசில்தார்,
வயலின் இருந்த இடத்தில் ஆர்மோனியம்,
ஆடு கிடைக்கவில்லை, பையன்.
முப்பத்திரண்டில் ஓர் இரவு
நிறுத்தச் சொன்ன இடத்தில் ஆரம்பித்த சிரிப்பை
யாராலும் நிறுத்த முடியவில்லை.
பெஞ்சு மூன்று உடைந்தது.
அடுத்த வாரம் போலீஸ் நோட்டீஸ்:
தாசில்தார் தூங்கக் கூடாது.
அதற்கென்ன,
கண்ணைத் திறந்தபடியே குறட்டை விட்டாராம் ஏகாம்பரம்.

நாற்பத்திரண்டு ஏப்ரலுக்கு ஒரே வரி.
ஊர் காலி. ஒத்திகை உண்டு.

மறுபடி பெரம்பூர், அறுபத்தொன்று.
கதாநாயகி பெர்த்துக்குக் கப்பலேறிவிட்டாள்.
அவள் பாட்டையும் நானே பாடினேன்,
உட்கார்ந்த இடத்திலிருந்தே,
என்கிறது கடைசிப் பென்சில். பெயர் போடவில்லை.

'இன்னாண்ணே அது, சொல்லேன்' என்று
மூட்டைமேல் உட்கார்ந்தார் ஆமோஸ்.
சொன்னேன்.
தூக்கத்துக்குச் சிரிக்கவில்லை, மீசைக்கும் இல்லை.
கணக்கு வந்தபோது கையை நீட்டி மறித்தார்.
'ஆட்டுக்குட்டிய வாடகைக்கு எட்தாங்க, சரி.
திருப்பிக் குட்தாங்களா?'
பக்கத்தைப் புரட்டினேன். வரவில் ஆடு இல்லை.
ஆமோஸ் சிரித்த சிரிப்பில்
கட்டிவைத்த அட்டைப்பெட்டிக் கட்டு சரிந்தது.

கடைப் பென்சிலை இரவல் வாங்கி ஓரத்தில் எழுதினேன்:
ராயபுரம். ஆள் ஒன்று.
குறிக்காத இடத்தில் சிரிப்பு.

'நிறுத்தாச்சு இல்ல' என்றார் தணிகாசலம்,
'நாப்பத்தோரு ரூபா.
சில்லறையா குடு.'